தேர்வு முடிவுக்கு முன் பள்ளி அனுப்பும் விவரங்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் தேர்வு முடிவு வெளியாகும் காலையில் எல்லாருடைய கண்ணும் மதிப்பெண்ணின் மேல்தான் இருக்கும். ஆனால் அந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதியும், அதற்கு மேலே அச்சாகும் பெயரும் பிறந்த தேதியும் பயிற்று மொழியும் பல மாதங்களுக்கு முன்பே பள்ளி அலுவலகத்துக் கணினியில் முடிவாகிவிட்டவை. கல்குளம் வட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தேர்வு வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வகுப்பாசிரியர்களும், புதிதாகப் பணியில் சேர்ந்த அலுவலக உதவியாளர்களும், பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 பொதுத்தேர்வுகளைப் பற்றியே பெரும்பாலும் சொல்கிறேன்.

பள்ளி எந்தெந்த விவரங்களை அனுப்புகிறது? யாருக்கு?

சான்றிதழ் வழங்குவது சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். பள்ளி அதற்கு மூன்று வகை விவரங்களை அனுப்புகிறது. முதலாவது பெயர்ப் பட்டியல்: யார் தேர்வு எழுதுகிறார்கள், என்ன பாடம், என்ன மொழி, புகைப்படம், பெற்றோர் பெயர், பிறந்த தேதி. எமிஸ் என்று நாம் சொல்லும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் உள்ள விவரங்களே இதற்கு அடிப்படை. இரண்டாவது செய்முறைத் தேர்வு மதிப்பெண். மூன்றாவது பிளஸ் 2 மாணவர்களுக்கான அகமதிப்பீட்டு மதிப்பெண்.

எழுத்துத் தேர்வின் விடைத்தாள் மட்டும்தான் நம் கையை விட்டு நேராகத் திருத்தும் மையத்துக்குப் போகிறது. மற்ற அனைத்தும் தலைமையாசிரியரின் கையெழுத்தோடும் பள்ளியின் கடவுச்சொல்லோடும் போகின்றன. அதனால் பொறுப்பும் பள்ளிக்கே உரியது.

பிளஸ் 1 பொதுத்தேர்வு 2017-18ஆம் கல்வியாண்டில் வந்தது. 2025-26 முதல் அது இல்லை. பழைய பழக்கத்தில் பிளஸ் 1 பட்டியலுக்காக அலைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியலில் எதை முதலில் சரிபார்க்க வேண்டும்?

பெயரைத்தான். நம் மாவட்டத்தில் இது மற்ற மாவட்டங்களைவிடக் கடினமான வேலை. ஆன்றனி, ஜாண், றோஸ், றாபின் என்று எழுதும் வழக்கம் திருவிதாங்கூர்க் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குடும்ப அட்டையிலும் அப்படியே இருக்கும். தட்டச்சு செய்பவர் வெளிமாவட்டத்துக்காரராக இருந்தால் றகரத்தைப் பிழை என்று நினைத்து ரகரமாக்கிவிடுவார். ஜாண் ஜான் ஆகிவிடுவார். ஆன்றனி சில சமயம் அந்தோணியே ஆகிவிடுவார். நல்லெண்ணத்தில் செய்யும் திருத்தம்தான். ஆனால் அந்தப் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கப் போகும் நாளில், ஆதாரில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயருமாக நிற்கும்.

தலைப்பெழுத்து அடுத்த சிக்கல். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதிகளில் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்தைப் போடுவது இயல்பு. எமிஸில் அதற்குத் தனிக் கட்டம் இருக்க, பெயர்க் கட்டத்துக்குள்ளேயும் ஒரு முறை சேர்த்துவிடுகிறார்கள். சான்றிதழில் இரண்டு தலைப்பெழுத்து அச்சாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில எழுத்துக்கோவையைத் தனியாகப் பாருங்கள். ஷிஜின், ஜெபிஷா, அஜிஷ் போன்ற பெயர்களில் ‘எஸ்’ஸுக்குப் பின் ‘எச்’ வருமா, ‘ஐ’ ஒன்றா ‘ஈ’ இரண்டா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆசிரியரின் ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

நான் செய்வது இதுதான். பட்டியலை அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுத்துத் தன் வரியை எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன். ‘சரிதானே?’ என்று கேட்டால் எல்லாரும் ‘சரி சார்’ என்றே சொல்வார்கள். வாசிக்கச் சொன்னால்தான் பிழை வெளியே வரும். ஒரு முறை ஒரு மாணவி பாதி வாசித்துக்கொண்டிருந்தபோதே பென்சில் நின்றது. ‘சார், எங்க அம்மா பேரு இது இல்லை’ என்றாள். பக்கத்து வரியில் இருந்த பிள்ளையின் தாயார் பெயர் ஒரு வரி தள்ளி ஏறியிருந்தது. அந்த இடத்திலிருந்து கீழே பதினொரு பிள்ளைகளுக்கும் தாயார் மாறியிருந்தார்கள். நானும் வகுப்பாசிரியரும் அந்தத் தாளை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்து ஒப்பமிட்டிருந்தோம்.

வகுப்பில் வாசித்த பிறகு நகலை வீட்டுக்கும் அனுப்புங்கள். பெற்றோரின் கையெழுத்து உங்களுக்குப் பாதுகாப்பு என்பதற்காக அல்ல. அந்தப் பெயரை வைத்தவர்கள் அவர்கள் என்பதற்காக.

பிளஸ் 2 மாணவர் இப்போது பெயரை மாற்றிக் கேட்கிறார். செய்யலாமா?

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியுமே பிளஸ் 2 பட்டியலுக்கும் உரியவை. முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் 2 பட்டியலில் மட்டும் மாற்றினால் இரண்டு சான்றிதழும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடும்.

தகப்பனார் உயிரோடு இல்லை. அவர் பெயரை எப்படிப் பதிவது?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடியே, முன்னொட்டு எதுவும் இல்லாமல் பதியுங்கள். ‘காலஞ்சென்ற’ என்று சேர்க்க வேண்டாம். அது அப்படியே அச்சாகிவிடும்.

இந்தக் கேள்வி நம் கடற்கரை ஊர்களில் வெறும் படிவக் கேள்வி அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 2024-25இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். அவர்களில் தகப்பனை இழந்தவர்களிடம் நாற்பது பேர் நடுவில் ‘அப்பா பேரு என்ன, இருக்காரா?’ என்று சத்தமாகக் கேட்கும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். தனியாக அழைத்து, தாளைக் காட்டி, ‘இதில் எழுதியிருப்பது சரியா, பார்’ என்று சொன்னால் போதும். பாதுகாவலர் யாரென்ற விவரம் தேவைப்பட்டால் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பயிற்று மொழிக் கட்டம் அவ்வளவு முக்கியமா?

முக்கியம். தமிழ் வழியில் பயில்பவருக்குத் தேர்வுக் கட்டண விலக்கு உண்டு. அது உடனே தெரியும் பயன். பெரிய பயன் பின்னால் வருகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலைவாய்ப்பில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும் என்று ஆனது. இருபத்தைந்து வயதில் ஓர் இளைஞர் பழைய பள்ளிக்கு வந்து தமிழ் வழிச் சான்று கேட்கும்போது, நீங்கள் இன்று தேர்வுசெய்யும் அந்த ஒரு சொல் அவருக்கு எதிராக நிற்கக் கூடாது. ஒரே வகுப்பில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பள்ளிகளில் இந்தப் பிழை எளிதில் நடக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தார் என்பது கேட்கப்படும். எமிஸில் இடையில் ஓர் ஆண்டு விடுபட்டிருந்தால் அதைப் பிளஸ் 2 முடிவதற்குள் சரிசெய்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் கல்லூரி வாசலில் நின்றுகொண்டு அதைச் சரிசெய்வது மிகவும் சிரமம்.

மொழிப்பாடம் தனி. நம் மாவட்டத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் மலையாள வழி வகுப்புகளும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின் கீழ்த் தமிழ் கட்டாயம். மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றங்களில் விலக்குப் பெற்றதும் உண்டு. போன ஆண்டுப் பட்டியலைப் பார்த்து நிரப்பாமல், அந்தந்த ஆண்டின் அறிவுரையைப் படித்துவிட்டு நிரப்புங்கள்.

அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண் எப்படி வருகிறது? எல்லாருக்கும் முழுதாகப் போட்டுவிடலாமே?

பிளஸ் 2வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 100. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்தப் பத்து இப்படிப் பிரிகிறது: வருகைக்கு 2, பள்ளியில் நடத்தும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்பு அல்லது களப்பயணத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2.

‘எல்லாருக்கும் பத்து’ என்பது பிள்ளைகள்மேல் உள்ள அன்பினால் வரும் எண்ணம் என்பதை அறிவேன். ஆனால் ஆதாரமில்லாத பத்துக்குக் கணக்கு கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. உண்மையில் முழு மதிப்பெண்ணுக்கு உழைத்த பிள்ளைக்கும் அது அநீதி. அன்பைக் காட்ட வேண்டிய இடம் ஜூலை மாதம். ஒப்படைப்பு தராதவரைக் கூப்பிட்டு எழுதவைப்பது, தேர்வுக்கு வராதவருக்கு மறுநாள் வாய்ப்புக் கொடுப்பது, பாட்டோ விளையாட்டோ சாரணர் இயக்கமோ எதிலாவது அவரைச் சேர்த்துவிடுவது. அப்படிச் செய்தால் ஜனவரியில் யாருக்கும் குறைக்க வேண்டிய நிலை வராது.

அந்த ஒரு மதிப்பெண் என்ன செய்யும் என்பதைக் கணக்கில் காட்டுகிறேன். 90 மதிப்பெண் தாளில் குறைந்தது 25 எடுக்க வேண்டும். மொத்தம் 35 வர வேண்டும். பொருளியலில் ஒருவர் சரியாக 25 எடுக்கிறார். அகமதிப்பீடு 10 இருந்தால் மொத்தம் 35, தேர்ச்சி. 9 இருந்தால் 34, தோல்வி. ஏப்ரலில் எங்கோ ஒரு மையத்தில் விடைத்தாள் திருத்துபவருக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும்.

வருகைக் கணக்கில் உள்ளூர் விடுமுறைகளை எப்படிச் சேர்ப்பது?

80 விழுக்காட்டுக்கு மேல் வருகை இருந்தால் 2 மதிப்பெண். 75 முதல் 80 வரை 1. பள்ளி வேலை நாள் 200 என்று வைத்துக்கொள்வோம். 160 நாள் வந்தவருக்குச் சரியாக 80. அவருக்கு ஒரு மதிப்பெண்தான். 161 நாள் வந்தவருக்கு இரண்டு. ஒரு நாள் வித்தியாசம் மதிப்பெண்ணாக மாறும் இடம் இது. எனவே வேலை நாள் எண்ணிக்கையே தவறாக இருந்தால் எல்லாம் தவறாகும்.

நவம்பர் 1 குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்று நம் மாவட்டத்துக்கே உரிய உள்ளூர் விடுமுறைகள் உண்டு. அவை வேலை நாளில் சேராது. அதற்கு ஈடாக அறிவிக்கப்படும் சனிக்கிழமை சேரும். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தை வருகைப் பதிவேட்டில் கூட்டாமல் விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வந்த பிள்ளைக்கு ஒரு நாள் பறிபோகிறது. மழை விடுமுறைகளுக்கும் இதே கணக்குத்தான்; 2023 டிசம்பர் பெருமழையை நினைத்துப் பாருங்கள்.

மண்டைக்காட்டுக் கொடை நேரத்தில் செய்முறைத் தேர்வோ பொதுத்தேர்வோ வந்தால், உள்ளூர் விடுமுறை அந்தத் தேர்வைத் தள்ளிவைக்காது. கோவிலுக்குப் போகும் குடும்பங்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வராதவருக்குச் சுழியம் போடலாமா?

கூடாது. வந்து ஒன்றும் செய்யாதவருக்கும் வரவே இல்லாதவருக்கும் வேறுபாடு உண்டு. வராதவரை ‘வருகை புரியாதவர்’ என்றே குறிக்க வேண்டும். கட்டத்தைக் காலியாக விடுவதும் தவறு. காலிக் கட்டம் என்றால் விவரம் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துக்கு 75. செய்முறையில் 15உம் எழுத்தில் 20உம் தேவை. செய்முறையை விட்டவர் எழுத்துத் தேர்வில் 75 வாங்கினாலும் அறிவியலில் தேறமாட்டார். ஆகவே செய்முறை நாளன்று காலை ஒரு பிள்ளை வரவில்லையென்றால் முதல் வேலை அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது. காய்ச்சலாக இருந்தால் அந்தச் செய்முறை நாட்கள் முடிவதற்குள் வேறொரு பிரிவோடு சேர்த்துத் தேர்வு நடத்த இயலுமா என்று புறத் தேர்வாளரிடமும் மாவட்டத் தேர்வு அலுவலகத்திடமும் கேட்கலாம். நாட்கள் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பல மாதமாகப் பள்ளிக்கு வராத மாணவரின் பெயரைப் பட்டியலில் வைக்கலாமா, நீக்கலாமா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. பெரிய பேச்சானது. அவர்களில் பலர் பள்ளிக்கு வருவதை முன்பே நிறுத்திவிட்டவர்கள். பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது.

பெயரை நீக்குவது எளிது. தேர்ச்சி விழுக்காடும் அழகாக இருக்கும். அதனால்தான் அதைச் செய்யும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்கிறேன். நம் பக்கத்தில் பிள்ளை வராததற்குக் காரணங்கள் தெரிந்தவைதான்: திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பான், அப்பாவோடு வள்ளத்தில் போவான், ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போய்விட்டுக் களைத்துத் தூங்குவான், பெண்பிள்ளையென்றால் வீட்டில் யாருக்கோ நோய். பட்டியலை இறுதி செய்வதற்குள் ஒரு முறையாவது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். திரும்பி வர எண்ணம் இருக்கிறதா, வருகையில் எவ்வளவு குறை, அதற்கு விலக்குக் கேட்க வழியிருக்கிறதா என்று உட்கார்ந்து பேசுங்கள். வருவான் என்றால் வைத்திருங்கள், வந்தபின் கையோடு கூட்டிச்செல்லுங்கள். வேறு பள்ளியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்துவிட்டான் என்றால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து முறைப்படி நீக்குங்கள். வீட்டுக்கே போகாமல் ஒரு பெயரை அடிப்பதும், வரமாட்டான் என்று தெரிந்தே வைத்திருப்பதும் இரண்டுமே பொய்யான தகவல்தான்.

கேரளத்தில் பத்தாவது முடித்துவிட்டு இங்கே சேர்ந்தவர்களுக்கு என்ன செய்வது?

களியக்காவிளை, பனச்சமூடு, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டுதோறும் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் இடம்பெயர்வுச் சான்றிதழைச் சேரும்போதே வாங்கிவிடுங்கள். கேரளச் சான்றிதழில் மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஆங்கிலப் பெயரை அந்தச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். தமிழ்ப் பெயர் அங்கே இருக்காது. அதை ஆங்கிலத்திலிருந்து ஊகிக்காமல் வீட்டாரிடம் எழுதி வாங்குங்கள். ‘பிந்து’வும் ‘பிந்தூ’வும் ஆங்கிலத்தில் ஒன்றாகவே தெரியும்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கான சலுகையைத் தேர்வு நேரத்தில் கேட்டால் போதாதா?

போதாது. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பித்து ஆணை பெற வேண்டியவை. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள்தான் விடுபட்டுப் போகின்றன. எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஐந்து ஆண்டு திட்டியிருப்போம். கற்றல் குறைபாடு என்று யாரும் சோதித்திருக்க மாட்டோம். ஒன்பதாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மதிப்பெண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டேன். இனி என்ன செய்வது?

இறுதியாகச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தாதவரை நீங்களே திருத்தலாம். அழுத்திவிட்டால், தலைமையாசிரியரின் கடிதத்தோடும் கையெழுத்திட்ட அசல் மதிப்பெண் பட்டியலோடும் மாவட்டத்திலுள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு அன்றைக்கே போங்கள். முடிவு தயாராவதற்கு முன் சொல்லப்படும் பிழை ஒரு திருத்தம். பின்னால் சொல்லப்படும் பிழை ஒரு விசாரணை. மறைக்க நினைக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரே வகுப்பில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இரண்டு பையன்கள். வேதியியல் செய்முறையில் ஒருவனுக்கு 20, மற்றவனுக்கு 14. மாற்றிப் பதிந்துவிட்டேன். கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டு எண்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேதியியல் ஆசிரியை அச்செடுத்த தாளைத் தற்செயலாகப் பார்த்து, ‘இந்தப் பையன் கரைசலைக் கொட்டிவிட்டு நின்றானே, அவனுக்கு எப்படி இருபது?’ என்று கேட்டார். அப்படித்தான் தெரிந்தது. சமர்ப்பிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. அவர் அந்தத் தாளைப் பார்க்காமல் போயிருந்தால், நன்றாகச் செய்த பையன் ஆறு மதிப்பெண்ணை இழந்திருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது, அவனுக்கும் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து பெயரைப் பார்த்து நான் பதிவதே இல்லை. ஒருவர் பதிவெண்ணையும் மதிப்பெண்ணையும் வாசிக்க, மற்றவர் பதிகிறார். முடிந்ததும் அச்செடுத்து, இந்த முறை பதிந்தவர் வாசிக்கிறார், வாசித்தவர் அசல் தாளில் பார்க்கிறார். கடைசிப் பதிவெண்ணில் தொடங்கி மேல்நோக்கி வாசிப்போம். அப்போதுதான் கண் பழக்கத்தில் ஓடாமல் ஒவ்வோர் எண்ணிலும் நிற்கிறது.

கடைசி நாளில் இணையம் வேலை செய்யவில்லை என்றால்?

கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பக்கப் பள்ளிகளில் ஒரு காற்று மழைக்கே மின்சாரமும் இணைப்பும் போய்விடும். மாநிலம் முழுவதும் எல்லாப் பள்ளிகளும் ஒரே நாளில் முட்டினால் நாகர்கோவிலிலேயே தளம் திறக்காது. மூன்று நாள் முன்னதாக முடிப்பது என்று பள்ளிக்குள் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கணினி மையத்தில் போய்ப் பதிய நேர்ந்தால் பள்ளிக் கடவுச்சொல்லை அங்கிருப்பவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எழுத்துத் தேர்வுதானே பெரிது? பள்ளி விவரத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு?

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்கினார்கள். காலாண்டு விடைத்தாளைக் கட்டி எடைக்குப் போட்டுவிட்ட பள்ளிகள் அந்த ஜூன் மாதம் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தோம். மறு ஆண்டு பிளஸ் 2 தேர்வும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் 1இலிருந்து 20, பிளஸ் 2வின் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டு ஜூலை 19 அன்று முடிவு வந்தது. அந்த ஆண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போனது பள்ளிகள் முன்பே அனுப்பிவைத்திருந்த எண்களை வைத்துக்கொண்டுதான். யாரும் எதிர்பார்த்து அந்த எண்களை அனுப்பவில்லை. கவனமாக அனுப்பிய பள்ளியின் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைத்தது.

தனித்தேர்வர்களுக்கும் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் இதே முறையா?

பத்தாம் வகுப்பு அறிவியல் எழுதும் தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, 80 விழுக்காடு வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும். விண்ணப்பம் சேவை மையங்கள் வழியாகப் போகும். சிபிஎஸ்இயில் தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியலை எல்.ஓ.சி. (லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ்) என்பார்கள். பத்தாம் வகுப்பில் எழுத்துக்கு 80, அகமதிப்பீட்டுக்கு 20, தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. பெயரைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லும் வேலை அங்கேயும் இதேதான்.

முடிவில் ‘நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று வந்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

பதற வேண்டாம்; அது தோல்வி அல்ல. காரணங்கள் பல உண்டு. பள்ளியிலிருந்து ஏதோ ஒரு விவரம் போய்ச் சேராததும் அவற்றில் ஒன்று. அன்று காலையிலேயே தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி தன்னிடமுள்ள அசல் பட்டியலையும் பதிவேற்றியதன் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தேர்வு அலுவலகத்துக்குப் போகும். இந்தப் பிரதிகளைப் பள்ளிகள் முடிவு வரும்வரையாவது பூட்டிவைத்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று ஆண்டு வைத்திருக்கிறோம்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பெயரில் பிழை கண்டால்?

தற்காலிக மதிப்பெண் சான்றிதழிலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள். அசல் அச்சாவதற்குள் சொன்னால் வேலை குறைவு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுக்கும் சான்றிதழுக்கும் உள்ள முரண்பாட்டைத்தான் இயக்ககம் திருத்தும். பதிவேட்டிலேயே பெயர் தவறாக இருந்தால் அது வேறு வழி, நீண்ட வழி. விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே போக வேண்டும்; சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் மாற்றுச் சான்றிதழின் நகலும் கூடவே போகட்டும். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைப்பதற்கு முன் நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.